முட்டை விலைக் குழுவில் வேலை தேடியவள்

1

இந்தக் கதை பிறந்தது என் ஆள்காட்டி விரலால். தொடவேண்டிய பெயருக்கு ஒரு வரி மேலே தொட்டுவிட்டேன். ஒருத்தியின் பிழைப்பு ஆட்டம் கண்டது. ‘நான்’ என்று தொடர்ந்து எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகவே இனிமேல் அவன் பெயர் தீர்த்தகிரி. நீங்கள் தாராளமாக அவனைத் திட்டலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: நாமக்கல்லில் பொழுது புலரும் முன்பே — [வேண்டாம். இப்படிப் புலர்ந்த கதைகள் ஏற்கெனவே நிறைய.]

இரண்டாம் தொடக்கம்: சாரதாமணி, தீர்த்தகிரியின் பக்கத்து வீட்டுக்காரி. முட்டை வியாபாரி சண்முகவேலின் ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். விடியற்காலையிலேயே போய் லாரிகளுக்கு லோடு பிரித்துக் கொடுப்பதும், அன்றைய முட்டை விலையைக் கைப்பேசிக் குழுவில் போடுவதும் அவள் வேலைதான். பண்ணைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார்கள். அவள் கிளம்பும்போது மகள் அபிநயா தூங்கிக்கொண்டிருப்பாள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுப் போகிற மாதிரி ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

வீடு திரும்பியதும் வேலைத் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். நல்ல வேலை கண்ணில் படும்போது விண்ணப்பிக்கும் தேதி முடிந்திருக்கும்.

தீர்த்தகிரி தெருவில் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவன்’ என்று பெயரெடுத்தவன். போட்டிக்கு வேறு ஆளில்லாததால் கிடைத்த பெயர்.

“இதுக்குத்தான் ஃபீடுன்னு ஒண்ணு இருக்குது சாமி,” என்றான் அவளிடம்.

“கோழிக்குப் போடறதுங்களா?”

(நாமக்கல்லில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. முயன்று பார்த்தேன்.)

ஒவ்வொரு தளமும் தன்னிடம் புதிதாக வருவதை ஓடை மாதிரி வெளியே விடுகிறது. எல்லா ஓடைகளையும் ஒரே இடத்துக்குத் திருப்பி, ‘கணக்கர்’, ‘நாமக்கல்’, ‘ராசிபுரம்’ என்று சல்லடை கட்டினால், வேண்டியது மட்டும் தானாக வந்து விழும். கதவு கதவாகத் தட்ட வேண்டாம். சொன்னபடியே விழுந்தது. அத்தோடு தீர்த்தகிரி சும்மா இருந்திருந்தால் எனக்குக் கதை இல்லை. ‘தனியாகத் திறந்து பார்ப்பானேன், மெசேஜாகவே வரட்டுமே’ என்று அவள் கைப்பேசியை வாங்கி, மெசேஜ் போகவேண்டிய இடமாக அவள் பெயரைத் தொடப்போனான். விரல். ஒரு வரி மேலே.

மறுநாள் விடியலில், முட்டை விலைக் குழுவில்: ‘சாரதாமணிக்கு ஏற்ற புதிய வேலைகள்’. கீழே ஒரு முழ நீளத்துக்கு வேலைகள்.

“இதுதான் இன்னைக்கி ரேட்டுங்களா?” என்று கேட்டார் ஒரு பண்ணைக்காரர்.

“டிரைவர் வேலை இருந்தாச் சொல்லு கண்ணு,” என்றார் லாரிக்காரர் தமிழரசு.

முதலாளி சண்முகவேல் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டார். ‘நல்லது’ என்கிறாரா, ‘நட’ என்கிறாரா? கட்டைவிரலுக்கு உரை எழுதியவர் யாருமில்லை.

3

முடிவு அ: சண்முகவேல் சினத்துடன் மேசையைத் தட்டி — [முடியாது. மேசை முழுக்க முட்டை அட்டைகள்.]

முடிவு ஆ: சண்முகவேல் கண்கலங்கி, “இனி நீ பொறுமையா வந்தாப் போதும்மா” என்று — [அவர் கண்கலங்கி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எழுதினால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.]

முடிவு இ: சாரதாமணி அன்று மாலை

[தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.]

தீர்த்தகிரி டீக்கடையில் சண்முகவேலைப் பிடித்தான். “ஏனுங்க, சாரதா ஆபீசுக்கு வருதுங்களா?”

“டீ ஆறுது, குடிங்க.”

சாரதாமணியிடம் காம்பவுண்டுச் சுவர் வழியாகக் கேட்டான்.

“பாக்கலாமுங்ணா,” என்றாள் அவள், துணி காயப்போட்டபடியே.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. (இதை மிகைப்படுத்தவில்லை. இரண்டாவது தடவை போட்ட சோறு இறங்கவில்லை.)

4

ஆகவே, முடிவை உங்களிடமே ஒப்படைக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தான். எழுதுகிறவனுக்கு விவரம் தெரியாதபோது வாசகருக்குக் கிடைக்கும் மரியாதை அது. “அன்பு வாசகரே, சாரதாமணிக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்களே” — பாதி வாக்கியத்தில் வாசலில் ஆள் நிழல். சாரதாமணி.

நீங்கள் கொஞ்சம் பொறுங்கள்.

“சாரதா, சுத்தி வளைக்காமச் சொல்லு. வேலை போச்சா இல்லையா?”

“போவலிங்ணா. நான்தான் போறேன். ராசிபுரத்துல நூல் கம்பெனி, ஒண்ணாந் தேதி சேர்றேன். பாப்பாவ வேன் ஏத்திட்டு பஸ் ஏறுனாப் போதும்.”

“எப்படி?”

“அன்னைக்கிக் குழுவுல வந்ததுலயே இருந்துச்சுங்க. அன்னைக்கேதான் கடைசித் தேதி. ஊருக்கே தெரிஞ்சப்புறம் என்னத்த ஒளிக்கறது? ஆபீசுல உக்காந்தே அப்ளை பண்ணிட்டேன்.”

“முதலாளி?”

“எதுத்தாப்லதான் உக்காந்திருந்தாரு. பாப்பாவுக்காக வேற வேலை பாக்கறேன்னு நேராவே சொல்லிட்டேன். ‘இதுக்கு எதுக்கு சாமி இத்தன நாளு பயந்துக்கிட்டு? புது ஆளுக்கு லோடு பிரிக்கச் சொல்லிக்குடுத்துட்டுப் போ’ன்னாருங்க.”

தீர்த்தகிரி பேனாவை மூடினான். இனியும் அவன் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமில்லை என்பதால், கடைசிக் கேள்வியை நானே கேட்டேன்.

“என்மேல கோவமா?”

“ஆமாங்ணா. பயங்கரக் கோவம். ஆனா நீங்க போட்டு ஒடைக்கலீன்னா, நானாப் போயி அவருகிட்டச் சொல்லியிருக்கவே மாட்டேன்.”