குதிரைக்கு இருந்த பெயர்

தன்னைக் கைக்குழந்தையாக விட்டுச் செத்துப்போன தாயின் குழியில், கண்மூடுவதற்குள் ஒருமுறை கற்பூரம் கொளுத்த வேண்டுமென்பது வீரய்யாவின் ஆசை. அதற்காகவே மகள் பிரேமினி ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்கள் படிக்கக் கற்றாள். இடத்தையும் கண்டுபிடித்து, பொகவந்தலாவையில் ஒரு தேயிலைச் சரிவின் முன்னால் அவரை நிறுத்தினாள்.

“இந்த மலை முழுக்க நம்மாளுங்களப் பொதைச்ச எடம்ப்பா. பொறவுதான் தேயில நட்டிருக்காங்க.”

“எங்கம்மா எந்தப் பக்கம்?”

“வரைபடத்துல அது போடலப்பா. கோடு போட்டு, உள்ளுக்குக் ‘கூலிகள்’னு மட்டும் எழுதியிருக்கு. தொரையோட குதிரக் குழிக்குத்தான் பேரு இருக்கு.”

“குதிரையாப் பொறந்திருக்கணும் எங்கம்மா.”

பிரேமினிக்குச் சிரிப்பு வரவில்லை. “இங்கனயே கொளுத்துங்கப்பா.”

“யாரு தலமாட்டுலன்னு தெரியாமயா?”

அவர் கற்பூரத்தைத் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.