எங்கள் இருவருக்கும் திறந்த போன்

“ரெட்டைப் பிள்ளைங்களா இருந்தாக்கூட இதை ஏமாத்த முடியாது மேடம். இந்த மாடலோட விசேஷமே அதுதான்.”

“தெரியும்.”

“விளம்பரத்துல பாத்தீங்களா?”

“இல்ல. நேர்லயே பாத்தேன்.”

விற்பனையாளருக்கு என் பதில் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். புரியாததற்கெல்லாம் சிரிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. அவருடைய நீலச் சட்டையின் மார்பில் புதிய போனின் படம் இருந்தது. அவருக்குப் பின்னால் கடையின் சுவர் முழுக்க அதே போன், ஆள் உயரத்துக்கு.

“உங்க பழைய போனைக் கொஞ்சம் காட்டுங்க.”

பையிலிருந்து எடுத்து வைத்தேன். பேட்டரி உப்பி, பின்மூடி ஓரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

“என்ன மேடம், இதுக்கு நிறைமாசம் போல இருக்கே!” என்றார். பக்கத்து மேசையில் உறை மாட்டிக்கொண்டிருந்தவர் குபீரென்று சிரித்தார். “இனிமே இதைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்காதீங்க. வெடிச்சாலும் வெடிச்சிடும்.”

“ரிப்பேர் கடையிலயும் அதையேதான் சொன்னாங்க. இந்த மாடலுக்கு இனிமே பேட்டரி வராதாம்.”

“பின்ன என்ன யோசனை? இந்த நிலைமையிலயும் எடுத்துக்கறோம். சலுகை இன்னிக்கு சாயந்திரத்தோட முடியுது. உள்ள இருக்கறதைப் புதுசுக்கு மாத்திட்டு, இதை மொத்தமா அழிச்சுக் கொடுத்தீங்கன்னா போதும். போட்டோ, நம்பர், மெசேஜ், எதுவும் போகாது.”

“எதுவுமேவா?”

“முகத்தை மட்டும் புதுசாப் பதியணும். பழசுல இருக்கற முகம் அங்கயே அழிஞ்சிடும். பாதுகாப்புக்காக அப்படி.”

“அக்கா வர்றேன்னு சொல்லியிருக்கா. வந்ததும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

போட்டோக்களைப் பற்றியோ எண்களைப் பற்றியோ எனக்குக் கவலை இல்லை. அந்த முகத்தைப் பற்றித்தான் கவலை. ஏனென்றால் அது என் முகம் மட்டும் இல்லை.

நானும் அக்காவும் இரட்டையர். எனக்குச் சற்று முன்னால் பிறந்துவிட்டதால் அவள் பெருசு, நான் சின்னது. வெளியாட்களிடம்தான் அக்கா என்பேன். அவளை அப்படிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எங்கள் அண்ணனோடு வேறு ஊரில் இருக்கும் அம்மா, போனில் இன்றைக்கும் முதலில் கேட்பது, “பெருசா, சின்னதா?” என்றுதான். யார் எண்ணுக்கு அடித்தாலும் கைக்கு எட்டியவள் எடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும். குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டாள்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, மாடியில் ஒரே அறையில் இருவரும் தங்கியிருந்தபோதுதான் இந்த போனை வாங்கினேன். வாங்கிய புதிதில் அது அவளை உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லைச் சொன்னேன், தட்டித் திறந்தாள். அப்படிச் சில முறை திறந்த பிறகு, இந்த முகமும் அந்த முகம்தான் என்று போன் ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அவள் பார்த்தாலும் திறந்தது, நான் பார்த்தாலும் திறந்தது. என்னிடமிருந்து கொஞ்சமும் அவளிடமிருந்து கொஞ்சமுமாக எடுத்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பெண்ணின் முகத்தை அது உள்ளுக்குள் செய்து வைத்திருந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி அவளாக இருந்தோம்.

அவளுடைய பழைய போனும் அப்படித்தான். “இன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதே கிடையாது. அவள் குளிக்கப் போனால் நான் அவள் போனை எடுப்பேன். அவளுடைய நாள் அதற்குள் இருக்கும். மாமாவைப் பற்றியும் அவள் சொல்லி எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவள் போனைத் திறந்தபோது, ‘மருந்துக்கடை’ என்று பதிந்திருந்த எண்ணிலிருந்து ‘சாப்பிட்டியா?’ என்று வந்திருந்தது. ‘இன்னும் இல்ல, நீங்க?’ என்று நானே பதில் போட்டேன். அந்தப் பேச்சு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் போயிற்று. குளித்துவிட்டு வந்தவள் அதைப் படித்துவிட்டு ஈரத் தலையோடு கட்டிலில் விழுந்து சிரித்தாள். “உன்னைவிட நான் நல்லாப் பேசியிருக்கேன் பாரு” என்றேன்.

அந்த மருந்துக்கடைக்காரர்தான் மாமா. அவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனாள்.

அறையில் விளக்கு சுவிட்ச் அவள் கட்டில் பக்கம் இருக்கிறது. யார் அணைப்பது என்று தினமும் சண்டை நடக்கும். அவள் போன பிறகு, சுவிட்ச் கைக்கு எட்டட்டும் என்று நான் அவள் கட்டிலுக்கு மாறிவிட்டேன். இப்போது காலியாகக் கிடப்பது என் கட்டில். விழிப்பு வந்து திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், போனவள் நான்தான் என்று ஒரு கணம் தோன்றும். எங்கே போனேன் என்றுதான் தெரியாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால் அவள் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவப் போனாள். மேசைமேல் அவளுடைய புதிய போன் இருந்தது, இதே மாடல். மாமா வாங்கித் தந்தது. வழக்கம்போல எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். என் உள்ளங்கையில் அது ஒருமுறை உதறியது. திரையில் பூட்டு அப்படியே இருந்தது. முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடி உதறியது, யாரோ என் கையை விலக்கிவிட்ட மாதிரி.

“பெருசு, உன் போன் கெட்டுப்போச்சு.”

“கெடலைடி! கண்டுபிடிச்சிடுச்சு!” ஈரக் கையோடு ஓடி வந்தாள். “நான் நம்பவே இல்ல. விளம்பரத்துக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சேன். இன்னொரு தடவை பாரு.”

பார்த்தேன். உதறியது. கைதட்டினாள்.

கடவுச்சொல்லைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் போனை வாங்கி, தானே திறந்து, மாமாவோடு போன இடங்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். விருந்தாளிக்குக் காட்டுவதுபோல அழகாக விளக்கிக்கொண்டே காட்டினாள்.

மறுநாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ்களை பிரேமின் அளவுக்குத் தேய்ப்பது என் வேலை. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்கும் கருவி முன்பக்கம் இருக்கிறது. எப்போதோ விளையாட்டாக எங்கள் இருவருக்கும் அதில் அளந்து பார்த்திருக்கிறோம். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்த போன் எதைப் பார்த்தது? மதியம் ஆள் இல்லாதபோது, பிரேம்களுக்கு நடுவே இருக்கும் கண்ணாடியில் என் முகத்தைத் தேடிப் பார்த்தேன். கன்னம் ஒடுங்கிவிட்டதா? அவள் அதிகம் சிரிக்கிறாளா, சிரித்துச் சிரித்து வாயோரம் மாறிவிட்டதா? தனியாக இருப்பது முகத்தில் எந்த இடத்தில் தெரியும்? அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அது எங்கோ இருக்கிறது. ஒரு போனுக்கே தெரிகிறதே.

“என்னம்மா, யாராவது பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று முதலாளியம்மா கேட்டார். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பழைய போனை வைத்திருந்தாலும் அது எந்த நாளும் நின்றுவிடலாம். புதியதை வாங்கினால் அந்த மூன்றாவது பெண் அழிந்துபோவாள். பிறகு என் போனும் அவளைப் பார்த்து உதறும். நான் யாருக்கும் திறக்காதவளாகிவிடுவேன்.

கண்ணாடிக் கதவு திறந்து அக்கா வந்தாள்.

விற்பனையாளர் அவளைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். “மேடம், முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு உளறிக்கிட்டு இருந்தேனே!”

“இவ சொல்ல மாட்டா” என்றாள் அக்கா. “என்னடி, இன்னும் வாங்கலையா? ஒரு சோப்பு வாங்கறதுக்கே மூணு கடை ஏறி இறங்கற ஆளு நீ.”

“நீ வரட்டும்னுதான்.”

“மேடம், தப்பா நெனைக்காதீங்க” என்றார் விற்பனையாளர். “ஒரு சோதனை பண்ணிப் பாத்துடலாமா? இந்த மாதிரி சான்ஸ் எனக்கு எப்பவும் கெடைக்காது.”

மேசைமேல் சுருள் வயரில் கட்டியிருந்த போனில் என் முகத்தைப் பதிந்தார். தலையை மெதுவாக வட்டமாகச் சுற்றச் சொன்னார். நான் பார்த்ததும் திறந்தது. அக்கா பார்த்தாள். உதறியது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அக்கா புருவத்தைத் தூக்கினாள், என் மாதிரி தலையைச் சாய்த்தாள், என் மாதிரி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அது மாட்டேன் என்றது. ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

“பள்ளிக்கூடத்துல இது இருந்திருக்கணும்! இவ பண்ணினதுக்கெல்லாம் நான் எத்தனை அடி வாங்கியிருக்கேன்!”

“நான் உனக்காக வாங்கினதைச் சொல்லாத.”

“கல்யாணத்தன்னிக்கு என் ஆபீஸ் ஆளுங்க எல்லாம் இவளுக்கே கைகொடுத்துட்டுப் போனாங்க. இவளும் கூச்சமே இல்லாம தேங்க்ஸ் சொல்லிக்கிட்டிருந்தா!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இன்னொருத்தியின் பெயரால் கூப்பிடப்பட்டவளை, யாரோ முதல்முறையாகச் சரியான பெயர் சொல்லி அழைத்ததுபோல இருந்தது அது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“இவருக்கு ஒரு மெசேஜ் போட்டுடறேன், லேட்டாகும்னு” என்றாள். அவளுடைய போன் கைப்பைக்குள் எங்கோ அடியில் கிடந்தது போலும். என் கையிலிருந்த பழைய போனை எடுத்தாள். திறந்தது. மாமாவுக்கு இரண்டு வரி தட்டினாள், அனுப்பினாள், திருப்பி என் கையில் கொடுத்தாள்.

அது திறந்ததை அவள் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

“அப்ப அழிச்சிடலாமா மேடம்?” விற்பனையாளர் கையை நீட்டினார்.

கொடுக்கப் போனேன். கொடுக்கவில்லை. “கொஞ்சம் இருங்க. புதுசுல என் முகம் மட்டும்தான் வைக்க முடியுமா?”

“இன்னொரு முகமும் வைக்கலாம். மொத்தம் ரெண்டு, அதுக்கு மேல எடுக்காது. பொதுவா வீட்டுக்காரர் முகத்தைத்தான் வைப்பாங்க.”

“எங்க அக்கா முகத்தை வைக்கலாமா?”

“தாராளமா.”

“எனக்கெதுக்குடி?” என்றாள் அக்கா. கேலியாகத்தான் சொன்னாள். “உன் போனைத் திறந்து நான் என்ன பண்ணப்போறேன்? பிற்பாடு உனக்குன்னு ஒருத்தர் வந்தா அவர் முகத்தை எங்க வைப்ப? சீக்கிரம் முடிடி, பசிக்குது.”

இதற்குள் கைப்பையைக் கவிழ்த்து அவள் தன் போனைத் தேடி எடுத்துவிட்டாள். மாமாவிடமிருந்து பதில் வந்ததா என்று பார்த்தாள். அது அவளைப் பார்த்ததும் சத்தமில்லாமல் திறந்தது. அதற்குள்ளே இருக்கும் இரண்டாவது இடத்தில் மாமா இருக்கிறாரா, இல்லை யாருமே இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அதைத் தெரிந்துகொள்ள அவள் குளிக்கப் போனால் போதும்.

விற்பனையாளரின் கை இன்னும் நீண்டே இருந்தது. நான் என் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பெருசு.”

“ம்?”

“என்னோடதுல வேணாம், விடு. உன் போன்ல அந்த இன்னொரு இடம் காலியா இருந்தா, அதுல என் முகத்தை வெச்சுக்கறியா?”