ஹேஸ் விடுபட்ட வாக்கியம்

1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் மழை ஓயவில்லை. பத்து மணியாகியும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு எதிரேயுள்ள மலை தென்படவில்லை.

என் மனைவி வேலாயி மார்ச்சளிக் காய்ச்சலினால் அங்கே படுத்திருந்தாள். அவள் பிழைப்பாளா என்பதை டாக்டரிடம் நானே ஆங்கிலத்திற் கேட்டறிய விரும்பினேன். தொழிற்சங்கக் காரியாலயத்து வகுப்பில், நாற்பது வயதிற்குப் பின் அம்மொழியைக் கற்றவன் நான்.

ஆங்கில வினைக்கு இறந்தகாலம் பலவகைப்படும். தேயிலைக் கொழுந்து எடுத்தாள், செயல் முடிந்தது எனின், 'பிளக்ட்'. அன்று தொடங்கி இன்றளவும் எடுத்து வருகிறாள் எனின், 'ஹேஸ் பிளக்ட்'. இரண்டிற்கும் முந்தியது 'ஹேட் பிளக்ட்'. நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் இவற்றை நான் உரத்துப் படிக்கையில், வேலாயி அடுப்படியிலிருந்து கேலி செய்வது வழக்கம்.

"ஏங்க, இறந்தகாலம்னா செத்தவங்க காலமா?"

"இல்ல புள்ள. முடிஞ்சு போன காலம்."

"முடிஞ்சதுக்கு எதுக்குங்க இத்தன வாலு? 'எடுத்தாச்சு'ன்னா கங்காணிக்கே வெளங்குது. தொரைக்கு வெளங்காதாக்கும்."

அன்று முற்பகல் டாக்டர் வந்தார். அவர் சிங்களவர், மெல்லப் பேசுபவர். நோயாளியின் தொழில் யாது என்று ஆங்கிலத்தில் வினவினார்.

"ஷி ஹேஸ் பிளக்ட் டீ ஃபார் எய்ட்டீன் இயர்ஸ், சார்" என்றேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கொழுந்து எடுத்து வருகிறாள் என்பது இதன் பொருள்.

"குட் இங்கிலீஷ்" என்றார். அவள் பிழைப்பாளா என்று கேட்டபோது, மாலைவரை பொறுத்திருக்குமாறு கூறினார்.

கட்டிலருகே சென்று, டாக்டர் என் ஆங்கிலத்தைப் பாராட்டியதை வேலாயியிடம் தெரிவித்தேன்.

"அப்ப இனிமே ஒங்களக் கையில புடிக்க முடியாது" என்றாள். கண்களைத் திறக்கவில்லை.

பின்னர் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். விறாந்தையிலிருந்த வாங்கில் அமர்ந்தேன். கூரைநீர் வாளியில் விழுந்தது. வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் அதனை மாற்றவில்லை. பிழைத்தால் அவளை எந்த பஸ்ஸில் அழைத்துச் செல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் டாக்டர் வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, என்னருகே வாங்கில் அமர்ந்தார். டாக்டர்மார் தோட்டத்தவராகிய எம்மருகே அமர்வதில்லை.

"யூ செட் ஷி பிளக்ட் டீ ஃபார் எய்ட்டீன் இயர்ஸ்" என்றார்.

ஹேஸ் விடுபட்டிருந்தது. கற்றவர்களும் அவசரத்தில் தவறுவதுண்டு.

"ஹேஸ் பிளக்ட், சார்" என்று பணிவுடன் திருத்தினேன்.

அவர் என் முகத்தைச் சிறிது நேரம் நோக்கினார்.

"நோ" என்றார். "பிளக்ட்."

இலக்கணப்படி அவர் கூறியதே சரி. வாக்கியத்தை முதலிலிருந்து, ஹேஸ் இன்றி, அவர் கேட்கும்படி ஒருமுறை சொன்னேன். அவர் தலையசைத்தார். வார்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு இருபது.