பெயர் சொல்லாத வெள்ளிக்கிழமைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒரு கம்பெனி பஸ்ஸிலிருந்து எடுத்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலை. அங்கே லேபிள் ஒட்டுகிற பிரிவில் இருக்கிறேன். பெயர் குணசுந்தரி. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன் என்றால் ஷிப்டில் சிரிக்கிறார்கள், அதனால் சொல்வதில்லை.

என் மகன் அன்பு கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாவது படித்தபோது சுமலதா டீச்சர்தான் வகுப்பாசிரியர். வாராவாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போடுவார். ஒருவரும் படிக்கவில்லை. பாதிப் பேருக்கு ஷிப்ட், மீதிப் பேருக்குத் தூக்கம். டீச்சர் சளைக்கவில்லை; எழுதுவதை விட்டுவிட்டு, பேசிப் பதிந்து அனுப்ப ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டும் நேரத்துக்கு வந்து விழும். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் நல்ல வாக்கியம். குறைகளை மட்டும் நேரில் கூப்பிட்டு, கேட்கிறவர் காது சிவக்கச் சொல்வார்.

பஸ்ஸில் அந்த வகுப்புப் பெற்றோர் சிலர் இருந்தோம். என் போனில்தான் சத்தம் அதிகம். எனவே என் போனில் போடுவோம், பஸ்ஸே கேட்கும். கல்யாணம் ஆகாத பையன்கள்கூடக் கேட்டார்கள்.

2

தொடக்கங்கள்:

"மேற்கே சூரியன் சாய, உலைப் புகையின் நடுவே அந்த நீல நிறப் பேருந்து"

[விட்டுவிட்டேன். அந்தப் பஸ்ஸில் நான் சூரியனைப் பார்த்ததே இல்லை. உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.]

"கல்வி என்பது ஆசிரியர், பெற்றோர், மாணவர் என்னும் மூன்று தூண்களின்"

[ஆண்டு விழாப் பேச்சு. அடித்தாயிற்று.]

"இன்னொரு வாட்டி போடும்மா."

இது இருக்கட்டும். இதைச் சொன்னவர் பாக்கியநாதன்.

3

பாக்கியநாதனை எழுதுவதில்தான் சிக்கல். உலைப் பக்கம் வேலை, டிரைவருக்குப் பின் சீட், அதிகம் பேசாதவர். அவர் மகள் ஏஞ்சலின், அன்புவின் வகுப்பு. மனைவி ஆரோக்கியமேரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கவரைப்பேட்டையில் தனியாக வீடெடுத்துப் போய்விட்டார். இவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரூமில் தங்கினார்.

முதல் பிரதியில் அவரைக் குடித்துவிட்டு அடிக்கிறவராக எழுதினேன். கதைக்கு வசதி. ஆனால் உண்மையில் அவர் கைநீட்டியதில்லை. பிறகு பரம சாதுவாக எழுதினேன். அப்போது ஆரோக்கியமேரி ராட்சசி ஆகிவிட்டார். அதுவும் பொய். நடந்தது இதுதான்: பிரிந்த பிறகும் "ஞாயித்துக்கெழம வரேன்" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவார். பிள்ளை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். இவர் வழியில் சாராயக் கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒருமுறை இருமுறை அல்ல. கடைசியில் அந்தம்மா, இனி பார்க்கவும் வேண்டாம், வருகிறேன் என்று சொல்லவும் வேண்டாம் என்று முடித்துவிட்டார். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீங்களும் அவசரப்பட்டு ஒரு பக்கம் போய் நிற்காதீர்கள்.

ஆக, பாக்கியநாதனுக்கு மகளைப் பற்றி மிஞ்சியது டீச்சரின் அந்த ஒற்றை வாக்கியம்தான். கும்மிடிப்பூண்டியில் இறங்க வேண்டிய மனிதர், வெள்ளிக்கிழமைகளில் இறங்க மாட்டார். ஏஞ்சலின் பெயர் வரும்வரை கேட்டுக்கொண்டே கவரைப்பேட்டை வந்து, மின்சார ரயில் பிடித்துத் திரும்பிப் போவார்.

* அவரும் முதலில் குரூப்பில் இருந்தவர்தான். ஆரோக்கியமேரி கேட்டுக்கொண்டதால் டீச்சர் அவர் எண்ணை நீக்கினார். பஸ்ஸில் கேட்கிறார் என்பது அப்போது டீச்சருக்குத் தெரியாது.

4

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எங்கள் பஸ்ஸில் வரும் குப்பம்மாள், ஆரோக்கியமேரி தெருக்காரி. இவர் பஸ்ஸில் கேட்பதைப் போகிறபோக்கில் அவரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளே ஆரோக்கியமேரி பள்ளிக்கூடத்தில் போய் நின்றார்.

"எம் பொண்ணு பேரு இனிமே அதுல வரவே வாணாம் டீச்சர். அந்தாளு பஸ்சுல ஒக்காந்துகினு கேக்குறாரு. ஒரு நாளு ஊட்டாண்ட வந்து நிக்காம, நோவாம புள்ளையத் தெரிஞ்சிக்கணுமா?"

நியாயமான கேள்வி. டீச்சர் தலையாட்டினார்.

அந்த வாரம் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், ஏஞ்சலின் வரவில்லை. "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார் பாக்கியநாதன். போட்டேன். "சிக்னல்ல கட்டாயிருக்கும்" என்றார். இது பேசிப் பதிந்தது, கட் ஆகாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வாரமும் வரவில்லை. அந்த வாரம் திரும்பப் போடச் சொல்லவில்லை. பெயர் வராது என்று தெரிந்தும் கவரைப்பேட்டை வரைக்கும் வந்தார்.

ஆனால் இதில் நொந்துபோனது அவர் மட்டும் இல்லை. பிள்ளைகளும் வீட்டில் அம்மா போனில் அதைக் கேட்கும். ஏஞ்சலின் டீச்சரிடம் போய், "மிஸ், நான் இன்னா மிஸ் தப்பு பண்ணேன்?" என்று கேட்டிருக்கிறாள்.

[இந்த இடத்தில் டீச்சரின் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவரிடமே படித்துக் காட்டினேன். "அவ்ளோல்லாம் யோசிக்கல சுந்தரி. அம்மா சொன்னத மீற முடியாது, புள்ளையையும் விட முடியாது. வேற வழி தெர்ல" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் குரல் இப்படி வந்தது:

"பெற்றோர்களுக்கு வணக்கம். இந்த வாரத்துலேர்ந்து யார் பேரையும் சொல்லப் போறதில்ல. கேளுங்க. ஒரு பிள்ளை பின்னக் கணக்கு புரிஞ்சதும் பெஞ்சு மேல ஏறிக் குதிச்சிது. ஒரு பிள்ளை, அழுதுட்டிருந்த இன்னொரு பிள்ளைக்குத் தலைவாரி விட்டுச்சு. ஒரு பிள்ளை..."

பஸ் கொதித்துவிட்டது.

"யாரு புள்ளன்னு சொல்லாம இன்னா அப்டேட்டு இது? பேஜாரா கீதே!" என்றார் வெங்கடேசன். ஊரில் நெல் நிலம் வைத்துக்கொண்டு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறவர். எதற்கும் ரசீது கேட்டுப் பழகியவர்.

"குதிச்சது ஒன் பையன்தான், வேற எது குதிக்கும்?" என்றாள் குப்பம்மாள். பஸ் சிரித்தது. அப்படித்தான் அது விளையாட்டானது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யாராவது கை தூக்குவார்கள். சண்டை நடக்கும்.

5

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர், "ஒரு பிள்ளை சத்துணவு முட்டைய பக்கத்துல இருக்குற பிள்ளைக்குக் குடுத்துட்டு, எனக்குப் பசிக்கலன்னு பொய் சொல்லிச்சு" என்றார். அது அன்பு. முந்தின நாளே வீட்டில் சொல்லியிருந்தான். நான் கை தூக்கப் போனேன்.

"அது எம் பொண்ணு" என்றார் முன்சீட்டிலிருந்து பாக்கியநாதன். அதுவரை அவர் கை தூக்கியதே இல்லை. "அதுக்கு முட்ட ஆவாது. ஆனா முட்ட புடிக்காதுன்னு சொல்லாது, பசிக்கலன்னுதான் சொல்லும். சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான்."

கையை இறக்கிக்கொண்டேன். வெங்கடேசன் என்னைப் பார்த்தார். அன்பு முட்டை கொடுத்த கதையை அன்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். "ஆமாங்க, ஒங்க பொண்ணு மாறிதான் கீது" என்றார், அந்த ரசீது மனுஷன்.

அன்றிலிருந்து பஸ்ஸில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. வாரம் ஒரு வாக்கியத்துக்கு ஒருவரும் கை தூக்க மாட்டோம். அது பாக்கியநாதனுக்கு. மழையில் சைக்கிள் சீட்டுகளையெல்லாம் பிளாஸ்டிக் பையால் மூடிய பிள்ளை வெங்கடேசன் மகன்; கொடுத்துவிட்டார். மேப்பில் இலங்கையைக் காணோம் என்று மேசைக்கடியில் தேடிய பிள்ளை யாரென்று தெரியாது, அதையும் கொடுத்தோம். எட்டாவதுக்கும் சுமலதா டீச்சரே வந்தார். அந்த வருஷமும் கொடுத்தோம்.

* அவற்றில் சில நிஜமாகவே ஏஞ்சலினாக இருந்திருக்கும். எவை என்று டீச்சர் சொல்ல மறுத்துவிட்டார்.

எட்டாவது முடிந்ததும் பிள்ளைகள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று பல பள்ளிக்கூடங்களுக்குப் பிரிந்தார்கள். குரூப்பை விட்டு யாரும் வெளியேறவில்லை. யாரும் பேசுவதும் இல்லை. எப்போதாவது ஒரு குட்மார்னிங் பூ விழும். இப்போது வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஆளுக்கொரு ஹெட்போன். எனக்கு அந்தக் குரல் வேண்டியிருக்கிறது. பிறத்தியார் பிள்ளைக்காக அவ்வளவு சத்தமாகச் சண்டை போட்ட சாயங்காலங்கள் வேண்டியிருக்கின்றன. இதை மறைத்து எழுதத் தெரியவில்லை.

6

முடிவு, மாதிரி ஒன்று: எட்டாம் வகுப்புப் பிரியாவிடை விழாவில் வெள்ளைச் சட்டையுடன் பாக்கியநாதன் நுழைகிறார். மேடையில் நின்ற மகள் ஓடி

[வேண்டாம். அவர் விழாவுக்கு வரவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை.]

மாதிரி இரண்டு: ஆரோக்கியமேரி மனம் இளகி

[இதற்கு அவரிடமே கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். "எழுதிக்க. ஆனா அவரு திருந்திட்டாரு, நாங்க சேந்துட்டோம்னு முடிச்சிடாத. வாசல்ல ஒக்காந்து ஏமாந்தது எம் பொண்ணு. அத அவளே மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்" என்றார்.]

மாதிரி மூன்று: ஆரோக்கியமேரி கல்நெஞ்சோடு

[பாக்கியநாதனிடமும் கேட்டேன். "மேரிய கெட்டவளா எழுதாதம்மா, அவ சொன்னது ஞாயம். நான் குடிய உட்டுட்டேன்னும் எழுதாத. கொறச்சிக்கினு கீறேன், அவ்ளோதான்" என்றார். பிறகு மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பெஞ்சில் குதித்தது, தலைவாரி விட்டது, முட்டை, சைக்கிள் சீட்டு, இலங்கை. நாங்கள் கை தூக்கியதையும் சேர்த்து ஒன்று விடாமல் நினைவிருந்தது. எங்கள் எல்லார் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே பெண்ணாக வளர்த்து வைத்திருந்தார். எது யார் பிள்ளை என்று நான் திருத்தப் போகவில்லை.]

7

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருக்கலாம். போன வாரம் ஏஞ்சலின் வீட்டுக்கு வந்தாள். பதினொன்றாவது படிக்கிறாள், அன்புவிடம் கெமிஸ்ட்ரி கைடு வாங்க வந்தவள், கிளம்பாமல் நின்றாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு போன் பண்ணேன். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் மாதா கோயிலாண்ட வரேன்னு சொல்லிக்கீறாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'போய்ப் பாத்துக்கோ, வரலன்னா எங்கிட்ட வந்து அழுவாத'ன்னுச்சு." கைடைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "இத்தினி வருஷத்துல அவருக்கு என்னப் பத்தி இன்னா ஆன்ட்டி தெரியும்?"

அவள் தெரியாமல் போய் உட்காரக்கூடாது என்று தோன்றியது. பஸ், டீச்சர் குரல், நாங்கள் தூக்காத கைகள், எல்லாம் சொன்னேன். அவர் சொன்ன பட்டியலையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கைடை மூடிவிட்டுச் சொன்னாள்:

"இதுல பாதி நான் இல்ல. பரவால்ல. அவரு சொன்னாருன்னா, ஆமாம்ப்பா நான்தான்னு சொல்லிக்கிறேன். வரட்டும் மொதல்ல."

இன்று சனிக்கிழமை. சேர்த்து வைத்து முடிக்க மாட்டேன் என்று ஆரோக்கியமேரிக்கு நான் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவரைக் கெட்டவராக்க மாட்டேன் என்று பாக்கியநாதனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். என் பேனா இதற்கு மேல் போகாது. நாளை அவர் வருவாரா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வந்தார் என்றால் என்ன பேசினார்கள் என்று நான் கேட்க மாட்டேன். வரவில்லை என்று எழுதுவதாக இருந்தால், பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் அங்கே ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் அதை நீங்களே போய்ச் சொல்லுங்கள்.