மூன்று நாளில் நடந்து பார்க்கும் பாரிஸ்

“மூண்டாம் நாள் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கி என்ர அம்மாவைப் போய்ப் பார்த்திட்டு வாங்கோ, அங்கிள்.”

சயந்தினி கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே இரஞ்சிதம் அன்ரி விரலை நீட்டிச் சொன்ன விஷயம் அது. சிட்னியில், டூங்கபி ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் ட்ராவல்ஸ் நடத்துகிறவர் அன்ரி. “வாற சனத்திட்டச் சொந்த அலுவல் ஒண்டும் கேட்கப்படாது. கடிதம் இல்லை, பார்சல் இல்லை, எங்கட ஆக்களைப் பாருங்கோ எண்டதும் இல்லை.” முன்னர் இருந்த பிள்ளை ஒருத்தி லண்டன் போனவரிடம் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் கொடுத்துவிட்டாளாம். சுங்கத்தில் அவரை மூன்று மணித்தியாலம் இருத்திவைத்தார்களாம். திரும்பி வந்த மனிதர் தன் சொந்தபந்தம் முழுவதையும் வேறு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்ரி இப்போது கீழே மரக்கறி வாங்கப் போயிருந்தார். அதனால்தான் கேட்க முடிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இந்திரகுமாரும் மனைவி விமலாதேவியும் இருந்தார்கள். அவர் முப்பது வருஷம் சிட்னியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் ஒரு கலியாணம். போகிற வழியில் பாரிஸில் மூன்று நாள் நின்று, நகரத்தை நடந்தே பார்க்கவேண்டும் என்று வந்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பாரிஸில் இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.

“பதினாலு குடும்பம், பிள்ளை. ஒரு வீட்டில தேத்தண்ணி குடிச்சா பதினாலு வீட்டிலயும் சாப்பிடவேணும். இல்லாட்டி எங்கட செத்தவீட்டுக்கும் வரமாட்டினம். மூண்டு தரம் போய் வந்திட்டன். நான் கண்டதெல்லாம் சோபாவும் புட்டும்தான். ஈபிள் கோபுரத்தை ஒருக்கால் கார்க் கண்ணாடிக்குள்ளால கண்டனான். அதையும் மச்சான்ர தலை மறைச்சுப்போட்டுது.”

சயந்தினி ஒரு கிழமை இருந்து அவருக்கு வழி போட்டுக் கொடுத்தாள். நகரத் திட்டமிடல் படித்தவள். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அகதிப் பிள்ளைகளுக்கென்று யாரோ கொடுத்த உதவிப் பணத்தில் படித்து, நல்ல புள்ளிகளோடு வெளியே வந்தாள். நகரசபைகளுக்கு வேலை கேட்டு எழுதிப்போட்டால், என்ன விசா என்று கேட்பார்கள். சொன்ன பிறகு பதில் வராது. ஆகவே ஒரு நகரத்தையும் திட்டமிடாமல், மற்றவர்கள் எந்த நகரத்தில் எப்படி நடக்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். இந்திரகுமாரின் முழங்காலுக்கு ஏற்றபடி எந்தப் பாலத்தடியில் குந்தியிருக்க வாங்கு இருக்கிறது, எந்தச் சந்தியில் தண்ணீர்க்குழாய் இருக்கிறது, எந்தத் தேவாலயத்தின் படி உயரம் குறைவு என்று எல்லாம் குறித்திருந்தாள். அவள் பாரிஸ் மண்ணை மிதித்ததே இல்லை.

மூன்றாம் நாள் வழி ஒரு கால்வாய்க் கரையில் முடிந்தது. அந்தக் கரையாலேயே வடக்கே இன்னும் இருபது நிமிஷம் நடந்தால் அவளுடைய மாமா வீடு. அங்கேதான் அம்மா.

இந்திரகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா அங்கயோ? அப்ப நீர் ஒருக்காப் போட்டு வாறதுதானே. ஊர்ச்சனத்தை எல்லாம் அனுப்பிறீர்.”

“போகலாம், அங்கிள். திரும்பி வரேலாது. பிரிட்ஜிங் விசா. வழக்கு முடியுமட்டும் தாற விசா.”

அவளுக்குப் பதினொரு வயதில் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு இலங்கையிலிருந்து இங்கே வரப் படகேறினார். அம்மா பிறகு வருவதாக ஏற்பாடு. அதற்குள் படகுப் பாதை அடைபட்டுப்போக, அம்மாவை அம்மாவின் தம்பி பாரிசுக்கு எடுத்துக்கொண்டார். இங்கே அப்பாவின் அகதி வழக்கு ஒவ்வொரு படியாகத் தோற்றது. இரண்டு வருஷத்துக்கு முன், வேலை செய்த களஞ்சியத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அதோடு சரி. அப்பாவின் செத்தவீட்டை அம்மா போனில் பார்த்தார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சயந்தினி. கை உளைந்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது நாலு மாதமாக அம்மா போனுக்கு வருவதில்லை. எப்போது எடுத்தாலும் மாமிதான். “இப்பதான் படுத்தவ.” “குளிக்கிறா.” “கமரா பழுதாப்போச்சு.” மாமாவைக் கேட்டால் வேலையில் நிற்கிறேன் என்பார். சயந்தினி கத்தியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கத்தினால் மாமி போனை வைத்துவிடுவார். கெஞ்சினால் “நீ அங்கயிருந்து என்ன செய்யப்போறாய்?” என்பார்.

“கனக்க வேண்டாம்” என்றாள். “வீட்டுக்குள்ள போய், அம்மாவைக் கண்ணால கண்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தாக் காணும்.”

“மாமா எந்த ஊர்?”

“புலோலி.”

“முடிஞ்சுது” என்று இந்திரகுமார் மனைவியைப் பார்த்தார். “எங்கட மச்சானும் புலோலியிலதான் கலியாணம் கட்டினவன். அந்த வீட்டு வாசல்ல நாங்கள் சப்பாத்தைக் கழட்ட முந்தி பதினாலு வீட்டுக்கும் செய்தி போயிடும்.”

“களவெடுக்கப் போற ஆள் மாதிரிக் கதைக்கிறீங்கள்” என்றார் விமலாதேவி.

“களவெண்டாப் பயமில்லாமல் போகலாம்.” பிறகு சயந்தினியிடம், “பார்ப்பம், பிள்ளை” என்றார்.

கடன் கேட்டவனுக்கும் சம்மந்தம் பேசி வந்தவனுக்கும் சொல்கிற அதே ‘பார்ப்பம்’. சயந்தினி தலையாட்டினாள். விமலாதேவி மட்டும் முகவரி எழுதிய துண்டை எட்டாக மடித்துக் கைப்பையின் உள்ளறைக்குள் வைத்தார்.

அவர்கள் பாரிஸில் இறங்கிய நாள் பின்னேரம் ஒரு படம் வந்தது. இந்திரகுமார் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பாலத்தடியில். ‘வாங்கு இருந்தது’ என்று விமலாதேவி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் சயந்தினி வேலை மேசைக் கணினியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கால்வாய்க் கரையால் தானே நடந்தாள். பேக்கரியடியில் திரும்பினாள். மாமா வீட்டு நீலக் கதவு வரைக்கும் கணினி காட்டியது. கதவுக்கு அங்கால் காட்டாது.

மூன்று கிழமை கழித்து இருவரும் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார்கள். அன்ரியும் அன்று கடையில் இருந்தார்.

“பிடிபட்டுப்போனம்” என்றார் இந்திரகுமார், கதிரையில் இருக்க முதலே.

முதல் நாள் ஒழுங்காக நடந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்குச் சோறு இல்லாமல் தலை சுற்றியிருக்கிறது. லாச்சப்பல் பக்கம், எங்கள் சனத்தின் கடைத்தெருவுக்குத்தான் போகவேண்டும் என்று நின்றாராம். விமலாதேவி வேண்டாம் என்றாராம். தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனாராம்.

“பரிமாறின பெடியன் குழம்பை ஊத்திப்போட்டுச் சொல்லுறான், ‘தொப்பியைக் கழட்டிப்போட்டு வடிவாச் சாப்பிடுங்கோ மாமா, நான் சுஜீதன்’ எண்டு. மச்சான்ர மருமோன். அவன்ர கலியாணத்துக்கு நான் போகேல்லை. முகம் மறந்துபோச்சு, என்னை அவன் மறக்கேல்லை. நான் பாயாசம் குடிச்சு முடிக்க முந்தி கார் வந்து நிக்குது.”

அன்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிறகு?”

“பிறகென்ன, சோபாவும் புட்டும். இந்தப் பிள்ளை போட்ட வழி மடிச்சது மடிச்சபடி.”

சயந்தினி சிரிக்கவில்லை. “எங்கட வீட்டுக்குப் போனீங்களோ?”

அன்ரியின் சிரிப்பு நின்றது. கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பேனையை எடுத்து மூடினார்.

“போனனாங்கள்” என்றார் விமலாதேவி. “ஒளிச்சது வெளிச்சமான பிறகு என்ன. நான்தான் இவரை இழுத்துக்கொண்டு போனனான்.”

“சொல்லாமல் போனீங்களோ?”

“சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போகலாமே, பிள்ளை? போக முதல் நாளே மச்சான் போன் எடுத்துச் சொல்லிப்போட்டார்.”

அப்படித்தான் போவார்கள். முன்கூட்டிச் சொல்லி, பழமும் கேக்கும் வாங்கிக்கொண்டு. சொன்னதால் மாமா வேலைக்குப் போகவில்லை. மாமி பன்னிரண்டு கறி வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் அம்மாவை உடுத்தி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்களாம். பத்து நிமிஷம். பிறகு “களைச்சுப்போவா” என்று உள்ளே கூட்டிப்போய்விட்டார்களாம்.

“நல்லா வைச்சிருக்கினம்” என்றார் இந்திரகுமார். “குறை சொல்லேலாது. மாமி பாவம், வேலைக்கும் போய் எல்லாம் பார்க்கிறா.”

விமலாதேவி போனை நீட்டினார். படத்தில் அம்மா மெலிந்திருந்தார். தலை வடிவாக வாரி இழுக்கப்பட்டிருந்தது. அரக்குப் பட்டு. நெற்றியில், ஐம்பது சத நாணயக் குற்றி அளவுக்குச் சிவப்பாக, வட்டமாகக் குங்குமப் பொட்டு.

சயந்தினி படத்தைப் பெரிதாக்கினாள்.

அப்பா போன அன்று அம்மா பொட்டைத் துடைத்துவிட்டார். சயந்தினி அதற்காக அவரோடு எவ்வளவு சண்டை பிடித்தாள். “ஆர் உங்களுக்கு அழிக்கச் சொன்னது? அவர் வைச்சதோ அது? நீங்கள் பிறந்ததில இருந்து வைக்கிறீங்கள்.” அம்மா அசையவில்லை. “அந்தக் கதை கதையாதை” என்பார். அதற்குப் பிறகு ஒரு வெறும் நெற்றியைத்தான் அவள் போனில் பார்த்தாள். ஆரும் வைத்துவிட்டாலும் கையால் துடைத்துவிடுகிற மனுஷி.

“இந்தப் பொட்டு ஆர் வைச்சது?”

இந்திரகுமார் மனைவியைப் பார்த்தார். விமலாதேவி போனைத் திருப்பி வாங்கவில்லை.

“வந்த ஆக்களுக்கு முன்னால வடிவாய் இருக்கட்டும் எண்டு…” என்று தொடங்கினார் இந்திரகுமார்.

“உங்களைக் கேட்கேல்லை, அங்கிள்.” சயந்தினி விமலாதேவியின் பக்கம் திரும்பினாள். “அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ.”

“அவவே வைக்கிறவவாம்” என்றார் விமலாதேவி மெதுவாக. “தினம் காலமை எழும்பின உடன. இப்ப நாலு மாசமா. மாமி துடைச்சா அழுறாவாம். துடைக்காமல் விட்டிட்டினம்.” கொஞ்சம் நிறுத்தினார். “சிட்னியால வந்தனாங்கள் எண்டதும் என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவ. ‘இவர் வேலையால வந்திட்டாரோ? மகளைக் கண்டனீங்களோ? ஆறாம் வகுப்பு. சோதினைக்கு விடிய எழும்பவேணும், இவர் எழுப்பமாட்டார்’ எண்டு.”

கீழே மளிகைக்கடையில் யாரோ அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

“அதாலதான் அவையள் உமக்குக் காட்டேல்லை” என்றார் விமலாதேவி. “பொல்லாத சனம் இல்லை, பிள்ளை.”

பொல்லாத சனமாக இருந்திருக்கலாம் என்று சயந்தினிக்குத் தோன்றியது. இவ்வளவு நாளும் மாமியை வைதுகொண்டாவது இருந்தாள். இனி ஆரை வைவது? மாமி குளிப்பாட்டுகிறார், ஊட்டுகிறார், போனில் பொய்யும் சொல்கிறார். எல்லா வேலையும் மாமியே செய்கிறார்.

அவர்கள் போன பிறகு அன்ரி பிஸ்கட் தகரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். திட்டுவார் என்று சயந்தினி காத்திருந்தாள்.

“இதுக்குத்தான் கேளாதை எண்டனான்” என்றார் அன்ரி. குரலில் கோபம் இருக்கவில்லை. “கேட்டா ஆரோ ஒராள் போய்ப் பார்த்துக்கொண்டு வந்து சொல்லுவினம். பிறகு நீ அதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?”

சயந்தினி மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

“ஸ்ட்ராத்ஃபீல்டில ஒரு குடும்பம் பாரிஸ் போகுது. அந்த மூண்டு நாள் வழியை அவைக்கும் அனுப்பிவிடு. கை வேலையில இருந்தா மனம் ஆறும்.”

அனுப்பினாள். ஒரு வரியும் மாற்றவில்லை. கால்வாய்க் கரை வரைக்கும் அப்படியே.

பிறகு முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். எத்தனையோ பேருக்கு அடித்த பக்கம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தன் பெயரை அடித்தபோது எழுத்துப் பிழை விட்டு, அழித்து, திரும்ப அடித்தாள். பாஸ்போர்ட் இலக்கம் பாடமாக இருந்தது. போன மாதம் எடுத்த இலங்கைப் பாஸ்போர்ட். அதை எடுக்கப்போன அன்றே வழக்கறிஞர் யாமினி தெளிவாகச் சொல்லியிருந்தார்: விமானம் ஏறினால் இந்த விசா செத்துவிடும், பிரான்ஸ் உன்னை எடுக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. திரும்பும் திகதியைக் கணினி கேட்டது. வெறுமையாக விட்டாள். தன் வங்கி அட்டையையே போட்டாள்.

பிரின்ரர் இரைந்தது.

“ஆருக்கு அடிக்கிறாய்?”

“எனக்கு. கொழும்புக்கு.”

அன்ரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கொழும்பில உனக்கு ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. திரும்பி வரேலாத ஆளுக்கு இங்கயிருந்து பாரிசுக்கு விசா தரமாட்டினம். அங்கயிருந்து கேட்பன்.”

“தராட்டி?”

“திரும்பக் கேட்பன்.”

“விசர் பிடிச்சிட்டுதோ உனக்கு? இங்கயும் வரேலாது, அங்கயும் போகேலாது. நடுத்தெருவில நிப்பாய். படிச்ச பிள்ளை.”

“படிச்சுப்போட்டு இங்கயும் நடுத்தெருவிலதான் நிக்கிறன், அன்ரி.”

“போய்ச் சேர்ந்தாலும் அவ உன்னை…” அன்ரி சொல்லவந்ததை விழுங்கினார்.

“அடையாளம் தெரியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளையைத்தான் தேடுவா. தெரியும்.”

சயந்தினி கடைத் திறப்பைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். அன்ரி அதைத் தொடவில்லை. “இருந்து ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போ” என்றார். “நாளைக்கு யோசிப்பம்.”

“யோசிச்சிட்டன். பாஸ்போர்ட் எடுத்த அண்டே யோசிச்சிட்டன். ஆரும் போய்ப் பார்த்து, ஒண்டுமில்லை எண்டு சொல்லுவினமோ எண்டுதான் ஒரு மாசம் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

தாளை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கடைக்காரர் கீழேயிருந்து, “தங்கச்சி, அன்ரியின்ர கீரை இங்க கிடக்கு, கொண்டுபோய்க் குடும்” என்றார்.

“நீங்களே ஏத்திவிடுங்கோ, அண்ணை” என்று சொல்லிவிட்டு அவள் தெருவுக்கு வந்தாள்.