சுண்ணாம்பு அடித்த குவியல்

அரக்கோணத்திலிருந்து வரும் முதல் ரயில் திருத்தணியைத் தாண்டியபோது கெங்கம்மாள் ஒரு கூடை கருங்கல்லை உடைத்து முடித்திருந்தாள். கட்டைவிரல் போன வாரம் சுத்தியலில் நசுங்கியது. துணி சுற்றி, மற்ற விரல்களால் கல்லைப் பிடித்தாள். நகம் அழுகும் நாற்றம் அவளுக்கே குமட்டியது.

மலையடிவாரத்துப் புதுச்சாலைக்கு ஜல்லி. சர்க்கார் இதுவரை சாலைக்கு இவ்வளவு பணம் கொட்டியதில்லை என்று காண்டிராக்டர் பங்காரு பெருமை பேசுவார். அன்று வெயில் ஏறுமுன் வந்து, வெற்றிலை எச்சிலை ஜல்லிமேலேயே துப்பினார்.

“இனிமே ஜல்லி அளக்கற பெட்டிக்குக் கூலி ஓரணா கொறைச்சல். சர்க்கார் வரியை ஏத்திகினே போவுது. நான் இன்னா பண்றது?”

“கள்ளுக்கடைய மூடினாங்க, அந்த வரி போச்சுன்னு புளி மொளகா மேல வெச்சாங்க,” என்றான் பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த தேசப்பன். “நாங்களும்தான் கட்டறோம். எங்களுக்குக் கூலி ஏறலியே.”

“அந்தக் காசுலதான்யா ரோடு, ஆஸ்பத்திரி அல்லாம்.”

கெங்கம்மாள் விரலைத் தூக்கிக் காட்டினாள். “போனேங்க. கட்டடம் எழும்பிகினு கீது. மருந்துதான் இல்லியாம்.”

கூட உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பங்காரு சிரிக்கவில்லை.

“மத்தியானம் சித்தூர்லருந்து பெரிய இஞ்சினீர் வர்றாரு. அவரு குவியலப் பாத்தாத்தான் பில்லு. பில்லு வந்தாத்தான் இந்த மாசக் கூலி. வாயை மூடிகினு இருங்க.”

அவரை எதிர்கொள்ளப் பங்காரு ரயில் ஸ்டேஷனுக்குப் போனார்.

சாலையோரம் நீளமாகக் கிடந்தது குவியல். சர்க்கார் ஓவர்சீயர் அதை அளந்து, அடையாளத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துவிட்டான். ஒரு கல்லை எடுத்தாலும் வெள்ளை கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் மேலே ஒரு சாண்தான் ஜல்லி. அடியில் ஏரிமண். பங்காரு சொன்னபடி அதைச் சுமந்து கொட்டியவர்கள் இவர்களேதான். அதற்குக் கூலியும் கிடையாது.

கெங்கம்மாள் உள்ளங்கையைச் சேலையில் தேய்த்தாள். அழுக்குப் போகவில்லை.

“குவியல்ல பாதி நாம ஒடைக்க வேண்டிய ஜல்லி. அந்தக் கூலிய மண்ணாக்கிட்டான்,” என்றாள். “நம்ம வரியும் அதுக்குள்ளதான் கீது.”

“கலைச்சா கூலி வராது அக்கா,” என்றாள் அன்னம்மாள். அவள் வீட்டில் நேற்றே அடுப்பு எரியவில்லை.

“கலைக்கலைன்னா அடுத்த மாசமும் மண்ணு சுமப்போம். இன்னும் ஓரணா கொறைப்பான்.”

சுத்தியல்கள் நின்றன.

கெங்கம்மாள் எழுந்து குவியலின் இடுப்பிலிருந்து ஒரு கல்லை உருவினாள். வெள்ளை பிளந்தது. மண் சரிந்து அவள் பாதத்தை மூடியது. அடுத்த கல்லை அன்னம்மாள் உருவினாள். பிறகு தேசப்பன். பிறகு எல்லோரும். உருவி முடித்ததும் அந்த மண்ணைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தார்கள்.

வளைவில் ஜீப்புச் சத்தம் கேட்டது. அதற்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் பங்காரு சைக்கிளில் வந்து இறங்கினார். குவியலைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டார்.

“சுண்ணாம்பு அடிச்சா அது சர்க்கார் சொத்துமே. தொட்டா ஜெயிலு. எழுந்திருங்க.”

ஒருவரும் எழவில்லை.

“சர்க்கார் சொத்துதான். அதான் காவலுக்குக் குந்திகினு கீறோம்,” என்றாள் கெங்கம்மாள். “தொரை வந்துட்டாரு. உள்ள கீறது இன்னான்னு நீங்களே சொல்றீங்களா நைனா, இல்ல நாங்க சொல்லட்டுமா?”