பெர்னார்ட் குடிக்காத கள்

சுண்ணாம்புக் குன்றுகளின் வெண்முகத்தில் மாலைச் செவ்வொளி வழிய, அவற்றின் குகைவாய்களினின்று வௌவால்கள் கரும்புகைபோல் எழ, ஈப்போ நகரில் பணிமுடித்து மீள்வோரின் விசையுந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் இரைந்து நுழைய, குனோங் ராபாட் எனும் புறநகர் மழைவிட்ட ஈரத்தோடு விளங்கிய ஒரு வியாழக்கிழமை அது. வரிசை வீடுகளுள் ஒன்றன் முன்கூடத்தில், அறிவுசால் வாசகரே, துயரத்தையே தொழிலாகக் கொண்ட திமோத்தி தன் கித்தாருக்குப் புதுநரம்பு பூட்டிக்கொண்டிருந்தான்.

அவன் பாடுவது புளூஸ். அமெரிக்கப் பருத்திக் காட்டுக் கறுப்பின மக்கள் தம் நெஞ்சப் புண்ணைப் பண்ணாக்கிய இசை. விரல்கள் தேர்ந்தவை, குரலோ கார்முகிலெனக் கனத்தது. ஆயினும் காப்பிக்கடை மேடைகளில் கேட்போர் கோழிச்சோற்றிலேயே கருத்தூன்றியிருந்தனர். மனம் நொந்த ஒருநாள், இரு பாடல்களுக்கிடையே, "எங்கப்பா தோட்டத்துக் கள்ளக் குடிச்சிட்டு வந்து, என் மொத கித்தார அடிச்சு ஒடச்சாருலா," என்றான். கரண்டிகள் நின்றன. ஒருத்தி விசும்பினாள். அன்று பிறந்த கதை பதினோராண்டுகள் மேடைதோறும் வளர்ந்தது. கோலாலம்பூரில் கலயமாயிருந்த கள் பினாங்கில் பானையாயிற்று. கதைத் தந்தை இன்றளவும் மறைவில் குடித்துக்கொண்டேயிருந்தார்.

உண்மைத் தந்தை பெர்னார்ட், சுங்கை சிப்புட் தோட்டமொன்றில் பிறந்து, சரக்குந்து ஓட்டி ஓய்ந்தவர். இருமல் மருந்தையும் முகர்ந்து பார்த்தே பருகுபவர். குன்றடித் தேவாலயத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திருவிருந்தில் திராட்சை இரசக் கிண்ணம் ஏந்துபவர். அந்தக் கித்தாரையோ அவர் உடைக்கவில்லை. கொட்டும் மழையில் தம் மழைச்சட்டையை அதற்குப் போர்த்திக் கொணர்ந்து, தாம் நனைந்து நான்கு நாள் காய்ச்சலிற் கிடந்தார்.

அவ்வியாழன் மாலை வாயிலில் செருப்புகள் குவிந்தன. கதையைக் கைப்பேசியில் கண்ட தேவாலயத்தார் எழுவர், பெட்ரீசியா அம்மையாரை முன்னிறுத்தி, பாட்டு நூல்களோடு புகுந்தனர்.

"பெர்னார்ட் அண்ணே, மறைக்காதீங்கலா. வீடியோ பாத்தாச்சு. ஆண்டவருக்கு எப்பவோ தெரியும், எங்களுக்குத்தான் லேட்டு," என்றார் அம்மையார்.

பெர்னார்ட் மகனைப் பார்த்தார். மகன் நரம்பைப் பார்த்தான். வந்தவருள் ஒருவர் சமையலறையில் காடிக் குப்பியை எடுத்து, கள்ளோவென மும்முறை முகர்ந்தார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அவன். ஆனால் சனிக்கிழமை நகரப் பெருமண்டபத்தில், அக்கதையைக் கேட்கவென்றே இருக்கைகள் நிறைந்திருந்தன. முறுக்காணியை இன்னொரு சுற்றுத் திருகினான்.

முதியவர், முட்டி நெட்டி முறிய, மெல்ல முழந்தாளிட்டார்.

"குடிச்சேன்மா. ஜெபம் பண்ணுங்க."

பதினான்கு கைகள் அந்நரைத்தலைமேல் கவிந்தன. ஆறு திங்கள் அவர் கிண்ணம் தொடலாகாதெனவும் அங்கேயே முடிவாயிற்று. அவர்கள் அகன்றபின் திமோத்தி கேட்டான்: "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? ஒனக்குச் சனிக்கெழம மேடை இருக்குல்ல."

சனிக்கிழமை அவன் அக்கதையைச் சொன்னான். வழக்கத்தினும் நன்றாகச் சொன்னான் என்பதே கொடுமை.

ஞாயிறு காலை, கடைசி வரிசையில் தந்தையருகே அமர்ந்திருந்தவன், கிண்ணத்தைப் புதியவர் ஒருவர் தடுமாறி எடுக்கக் கண்டான். எழுந்தான்.

"எங்கப்பா ஒரு சொட்டுக்கூட குடிச்சதில்ல. எல்லாம் நான் கட்டுன கதை. பொய் சொன்னது நான்தான்."

தலைகள் திரும்பின. பின் பெட்ரீசியா அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளன்னா இப்படி இருக்கணும்லா! அப்பா மானத்தக் காப்பாத்த, சர்ச்சுலயே நின்னு பொய் சொல்றான் பாருங்க!"

"ஆமென்," என்றனர் பலர். சிலர் கைதட்டவும் செய்தனர். தந்தை மகனின் சட்டையை இழுத்தார்.

"ஒக்காருப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

கிண்ணம் வரிசை வரிசையாய் வந்தது. பெர்னார்டை அடைந்ததும், பழைய வேட்கை கிளர்ந்துவிடுமென அஞ்சி, மிகுந்த பரிவோடு அவரைத் தாண்டிச் சென்றது. ஏந்திப் பழகிய அவர் கைகள் தாமே சற்று உயர்ந்து, பின் மடியில் தாழ்ந்தன. அதைக் கண்ட திமோத்தி தலைகவிழ்ந்தான். அவன் முதுகை யாரோ தட்டிக்கொடுத்தார். குற்றம் புரிந்தவன் ஒறுக்கப்பட்டால் தலைநிமிர என்றேனும் ஒருநாள் வாய்க்கும். பாராட்டப்பட்டால், வாசகரே, அந்நாள் வருவதேயில்லை.